தனுஷ்கோடிக்கு டிக்கெட் வாங்கும் கனவில் சந்தேகம் ஏன் வருவதில்லை?

கனவு நடந்துகொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்ளக் கற்க முடியுமா என்று தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தந்தையோடு விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பகலில் அடிக்கடி உள்ளங்கையைப் பார்த்து 'நான் கனவிலா இருக்கிறேன்' என்று கேட்டுக்கொள்ளும்படி வீடியோக்களில் சொன்னார்களாம். மாதக்கணக்கில் செய்தும் பலனில்லை என்கிறார். அதிகாலையில் எழுந்து மறுபடி படுத்து முயன்ற நாட்களில் சில விடியற்காலைகளில் உடல் அசைக்க முடியாமல் கிடந்ததாகவும், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல் இருந்ததாகவும், அது அமுக்குவான் பேய் என்று அப்பத்தா சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். இவற்றுக்கு நடுவில் ஒரு வரி வருகிறது: "பாம்பனில் டிக்கெட் வாங்கி ரயிலில் தனுஷ்கோடி ஸ்டேஷனில் போய் இறங்குகிறேன், பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம், எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை." 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஸ்டேஷன் அது. அவர் தந்தைக்கே அது கதையாகத்தான் தெரிந்திருக்கும். இவ்வளவு அப்பட்டமான பொய்யை மனம் ஏன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இதற்கு விடை தெரிந்தால் உள்ளங்கைப் பயிற்சி ஏன் தோற்றது என்பதும் தெரிந்துவிடும்.

நான் மனநல மருத்துவம் படித்தவன். உறக்கக் கோளாறுகளில் தனியே பயிற்சி பெற்று, இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். கனவுக்குள்ளேயே 'இது கனவு' என்று உணரும் தெளிவுக் கனவுப் பயிற்சியை நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஆய்வில் உறுதியானது எது, நான் பார்த்த அளவில் மட்டும் சொல்வது எது, அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பது எது என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. தெளிவுக் கனவு உண்மையிலேயே நிகழ்கிறது. கனவு கண்டவர் விழித்த பிறகு கட்டிச் சொல்லும் கதை அல்ல. கண்கள் இமைக்குள் வேகமாக அசையும் ஒரு உறக்கக் கட்டம் இருப்பதை 1953-இல் சிகாகோவில் கண்டறிந்தார்கள். ரெம் உறக்கம் என்று அதைச் சொல்கிறோம். கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அந்தக் கட்டத்தில் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கண்ணை அசைக்கும் தசைகளுக்கு விலக்கு உண்டு. இதை வைத்துத்தான் 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஒரு சோதனை செய்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர் கனவுக்குள் தெளிவு வந்ததும், முன்பே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்தார். கருவி அதைப் பதிவு செய்தது, மூளை அலைகளோ அவர் ஆழ்ந்த ரெம் உறக்கத்தில் இருப்பதைக் காட்டின. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதையே செய்து காட்டினார். 2021-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நான்கு நாடுகளின் ஆய்வகங்களில் 36 பேர் பங்கேற்றார்கள். எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்பது போன்ற கேள்விகளை உறங்கிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டார்கள். சிலர் கனவுக்குள்ளிருந்தே கண்ணசைவால் விடை சொன்னார்கள். சரியான விடை வந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறைதான், பெரும்பாலான நேரம் பதிலே வரவில்லை. ஆனாலும் உறங்குகிறவரோடு பேச முடியும் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மக்களில் சுமார் 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிக் கனவு கண்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் கேட்பது அபூர்வ சித்தி எதுவும் அல்ல.

இனி அந்தத் தனுஷ்கோடி ரயிலுக்கு வருகிறேன். ரெம் உறக்கத்தில் மூளையின் காட்சிப் பகுதிகளும் உணர்ச்சிப் பகுதிகளும் மும்முரமாக வேலை செய்கின்றன. நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள பகுதி, அதாவது திட்டமிடவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் 'இது சரியா' என்று நிறுத்திக் கேட்கவும் உதவும் பகுதி, அடங்கியிருக்கிறது. 1990-களில் உறங்குபவர்களின் மூளை ரத்த ஓட்டத்தை அளந்தவர்கள் இதைக் கண்டார்கள். எனவே கனவில் நீங்கள் பார்ப்பதில் குறையில்லை. பார்த்ததை, ஏற்கெனவே தெரிந்ததோடு வைத்துப் பார்ப்பதுதான் நடக்கவில்லை. தனுஷ்கோடியில் ஸ்டேஷன் இல்லை என்ற அறிவு உங்களிடம் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அதை யாரும் போய் எடுத்து வருவதில்லை.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கனவு மனம் முரண்பாட்டைக் கவனிக்கும் அபூர்வ நேரத்திலும், அதற்கு உடனே ஒரு காரணம் சொல்லி மூடிவிடுகிறது. 'பாம்பனில் புதுப் பாலம் 2025-இல்தானே திறந்தார்கள், அப்படியே தனுஷ்கோடி வரை தண்டவாளம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது' என்று அது சொல்லும், நீங்களும் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவீர்கள். என்னிடம் வருகிறவர்களின் கனவுகளைக் கேட்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். சந்தேகம் எட்டிப் பார்த்த அந்த நொடியே ஒரு சமாதானம் தயாராக வந்து நிற்கிறது. இறந்துபோன தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தால், 'அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார், நமக்குத்தான் தவறாகச் சொல்லிவிட்டார்கள்' என்று மனம் ஒப்புக்கொள்கிறது. பகலில் நாம் எந்த விஷயத்துக்கும் முதலில் கிடைத்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடும் ஆட்களாக இருந்தால், இரவிலும் அப்படித்தான் இருப்போம் என்று நான் நினைக்கிறேன். இது ஆய்வு முடிவு அல்ல, என் கணிப்பு.

விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் கனவு என்று கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணுவது இதனால்தான் உதவுவதில்லை. விசித்திரம் என்பது நல்ல சாட்சியும் அல்ல. வெளியூர்க்காரர் ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கூட்டிப் போய் தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனையில் நிறுத்திக் கட்டை அவிழ்த்தால், மணல் நுனி, ஒரு பக்கம் குளம்போல் வடகடல், மறுபக்கம் அலையடிக்கும் தென்கடல் என்று பார்த்துவிட்டு அவர் கனவு என்றுதான் நினைப்பார். அது கனவில்லை. மறுபுறம், உங்கள் கனவுகளில் பெரும்பாலானவை வீடு, தெரு, படகு, வலை என்று சாதாரணமாகவே இருக்கும். அவை அத்தனையும் கனவுகள். காட்சி எவ்வளவு வினோதமாக இருக்கிறது என்பதைவிட, அந்தக் காட்சிக்கு முன்கதை இருக்கிறதா என்பதைப் பார்ப்பதுதான் பயன் தரும்.

உள்ளங்கையைப் பார்க்கும் பயிற்சி தோற்ற இடமும் இதுதான். நீங்கள் அதைக் கடமையாகச் செய்கிறீர்கள். கையைப் பார்க்கிறீர்கள், கை கையாகவே இருக்கிறது, 'கனவில்லை' என்று முடிவு கட்டுகிறீர்கள். விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வி அது. இதே பழக்கம் கனவுக்குள் வந்தாலும் ஆறு விரல் கையைப் பார்த்துவிட்டு 'கனவில்லை' என்றுதான் சொல்வீர்கள். ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்விலும், இப்படிப்பட்ட பகல்நேரச் சோதனையை மட்டும் செய்த குழுவினருக்குக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. அதற்காகச் சோதனையை விட்டுவிட வேண்டாம், மாற்றிச் செய்யுங்கள். எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் முழு மனதோடு கேளுங்கள். நான் பரிந்துரைக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'நான் இங்கே எப்படி வந்தேன்?' இப்போது பாம்பன் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள் என்றால், அதற்கு முன் எங்கே இருந்தீர்கள், எந்த வண்டியில் வந்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். விழிப்பில் இந்தச் சங்கிலி அறாமல் வரும். கனவில் இரண்டாவது கண்ணியிலேயே அறுந்துவிடும். நீங்கள் தனுஷ்கோடி ஸ்டேஷனில் இறங்கினீர்கள் சரி, பாம்பனுக்கு எப்படி வந்தீர்கள்? அந்தக் கனவில் அதற்கு விடை இருந்திருக்காது.

கேட்ட பிறகு உறுதி செய்ய இரண்டு வழிகளைச் சொல்கிறேன். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். கனவென்றால் மூச்சு தடையின்றி வரும், ஏனென்றால் படுக்கையில் கிடக்கும் உங்கள் உண்மையான மூக்கை யாரும் பிடிக்கவில்லை. இன்னொன்று, எழுத்து. கடைப் பலகையையோ, படகின் பதிவு எண்ணையோ, போன் திரையையோ ஒருமுறை படித்துவிட்டு, முகத்தைத் திருப்பி, மறுபடி படியுங்கள். கனவில் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை. இந்த இரண்டும் எப்போதும் தவறாமல் வேலை செய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் ஒன்று 'கனவில்லை' என்று காட்டினாலும் மற்றொன்றையும் செய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். வீடியோக்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என் அனுபவத்தில் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. கண் விழித்ததும் எழுந்துவிடாதீர்கள், போனை எடுக்காதீர்கள். அசையாமல் கிடந்து, கடைசியாகக் கண்ட காட்சியைப் பிடித்துப் பின்னால் போங்கள். பிறகு எழுதுங்கள். துண்டு துண்டாக இருந்தாலும் பரவாயில்லை. சில வாரங்களில் உங்கள் கனவுகள் எந்த இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகின்றன என்று தெரியவரும். கனவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களாகக் கடலோரத்து மக்களிடம் நான் அடிக்கடி கேட்பவை சில உண்டு. வடகடலும் தென்கடலும் இடம் மாறிக் கிடக்கும். இன்ஜின் ஓடாமலே படகு போய்க்கொண்டிருக்கும். கடல் வீட்டு வாசல் வரை வந்திருக்கும், யாரும் பதற மாட்டார்கள். கீழக்கரையிலிருந்து வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர்களின் கனவிலோ, ஊர்த் தெருவின் மறுமுனையில் துபாய் இருக்கும். உங்களுக்கு எது என்பதை உங்கள் நோட்டுதான் சொல்லும். தனுஷ்கோடி ஸ்டேஷன் ஒருமுறைக்கு மேல் வந்திருந்தால் அதுவே உங்கள் முதல் அடையாளம். அடையாளம் கிடைத்ததும் பகல் சோதனையை அதோடு கட்டுங்கள். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம், தண்டவாளத்தைப் பார்க்கும்போதெல்லாம், 'இங்கே எப்படி வந்தேன்' என்று கேளுங்கள். பாம்பன் தீவில் வசிக்கும் உங்களுக்கு அதற்கான வாய்ப்புக்குக் குறைவே இல்லை.

இனி நேரம். உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ரெம் சில நிமிடங்களே இருக்கும், விடியலை நெருங்க நெருங்க அது நீண்டு அரை மணி நேரத்தையும் தாண்டும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வதன் பின்னணியில் இந்த அனுபவம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த நேரத்துக் கனவுகள்தான் நீளமானவை, தெளிவானவை, விழித்த பின்னும் நினைவில் நிற்பவை. படுத்தவுடன் முயல்வது மீன் வராத நேரத்தில் வலை விடுவது போன்றது. நல்ல சான்றுள்ள முறை இப்படிப் போகிறது. நான்கரை அல்லது ஐந்து மணி நேரம் உறங்கிய பின் எழுந்திருங்கள். கொஞ்ச நேரம் விழித்திருங்கள். அப்போது கடைசியாகக் கண்ட கனவை நினைத்து, அதில் உங்கள் அடையாளம் வந்த இடத்தில் 'இது கனவு' என்று உணர்வதாகக் கற்பனை செய்யுங்கள். 'அடுத்த முறை கனவு காணும்போது, இது கனவு என்று நினைவு வைத்துக்கொள்வேன்' என்று மனதுக்குள் சொல்லியபடியே உறங்கிவிடுங்கள். கடைத்தெருவுக்குப் போகும்போது மாத்திரை வாங்கிவர வேண்டும் என்று நினைவில் இருத்திக்கொள்ளும் அதே திறன்தான் இங்கும் வேலை செய்கிறது. லபெர்ஜ் 1980-இல் விவரித்த முறை இது. ஆஸ்பியின் ஆய்வில் பகல் சோதனையோடு இதையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியில் சுமார் 17 விழுக்காடு இரவுகளில் தெளிவு கிடைத்தது. வாக்கியத்தைச் சொல்லி முடித்து ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு அது 46 விழுக்காடு வரை போனது. விடிந்தால் பரீட்சை என்பது போல் விறைத்துக்கொண்டு கிடப்பவருக்கு இது கைகூடாது. அதிகாலைத் தொழுகைக்கு எழுந்து, முடித்துவிட்டு மறுபடி கொஞ்சம் கண்ணயரும் பழக்கம் உள்ளவர்களிடம் இத்தகைய கனவுகளை நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அவர்கள் எந்தப் பயிற்சியும் செய்தவர்கள் அல்ல, உறக்கத்தின் அந்த இடைவெளி அவர்களுக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

உங்கள் தொழிலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், காலையில் அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலை கரை. இரவு முழுக்க வலை இழுப்பதற்கு நடுநடுவே கிடைக்கும் குட்டித் தூக்கம். படகில் இருக்கும் இரவுகளில் இந்தப் பயிற்சியின் பக்கமே போகாதீர்கள். 'இது கனவோ' என்ற சோதனைகளையும் தளத்தில், வின்ச் சுற்றும் இடத்தில், வடம் ஓடும் இடத்தில் செய்ய வேண்டாம். அங்கே உங்கள் கவனம் முழுவதும் கைகாலில் இருக்க வேண்டும். கரைக்கு வந்த பகலில் படுத்தவுடன் கனவுகள் வெள்ளமாக வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இழந்த ரெம் உறக்கத்தை மூளை ஈடுகட்டிக்கொள்கிறது. அந்த உறக்கத்தை அலாரம் வைத்துக் கலைப்பது உடலுக்குச் செய்யும் அநியாயம். அதை முழுமையாக உறங்குங்கள். கடலுக்குப் போகாத இரவுகளில், அதுவும் மறுநாள் போக வேண்டியதில்லாத இரவில் மட்டும் முயலுங்கள். வாரத்துக்கு ஒரு இரவு, மிஞ்சினால் இரண்டு போதும். அடிக்கடி எழுந்து உறக்கத்தைத் துண்டாடுவதால் நீண்டகாலத்தில் என்ன ஆகும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, ஆகவே சந்தேகத்தின் பலனை உறக்கத்துக்கே கொடுப்போம்.

தெளிவு வந்துவிட்டால் முதலில் வருவது மகிழ்ச்சி. பெரும்பாலோர் அந்தக் கிளர்ச்சியிலேயே விழித்துவிடுகிறார்கள். கனவு மங்குவது போல் தெரிந்தால் கனவுக் கைகளை ஒன்றோடொன்று தேய்த்து அந்த உரசலைக் கவனியுங்கள், தரையையோ சுவரையோ தொட்டுப் பாருங்கள். பலருக்கு இது கனவை நீட்டிக் கொடுக்கிறது. பறக்க வேண்டும், மலையேற வேண்டும் என்று முதல் முறையே கட்டளையிடாமல் சும்மா சுற்றிப் பாருங்கள். கனவென்று தெரிவது வேறு, கனவை நடத்துவது வேறு. முதலாவது கிடைத்தவர்கள் எல்லோருக்கும் இரண்டாவது கிடைப்பதில்லை, கிடைக்காதது தோல்வியும் அல்ல.

அமுக்குவானுக்கு வருகிறேன். அப்பத்தா சொன்ன அனுபவம் முழுக்க உண்மை, அதற்கான காரணத்தில்தான் நான் வேறுபடுகிறேன். ரெம் உறக்கத்தில் தசைகள் செயலற்றிருக்கும் என்றேன் அல்லவா, அது நம் பாதுகாப்புக்காக. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து விழுவோம். சில நேரம் மனம் விழித்துக்கொள்கிறது, தசைகள் இன்னும் விடுபடவில்லை. நெஞ்சுத் தசைகளும் முழுவதுமாக ஒத்துழைக்காததால் மூச்சு அழுத்துவது போல் இருக்கும். மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது, மூச்சு நிற்காது. கனவின் மிச்சம் கண் முன்னே நிழலாகவும் ஆளாகவும் தெரியும். சில நொடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களில் அது தானே விலகிவிடும். மல்லாந்து படுப்பவர்களுக்கும், உறக்கம் குறைந்தவர்களுக்கும், நேரங்கெட்டு உறங்குபவர்களுக்கும் இது அதிகம். நீங்கள் மூன்றாவது வகை. அதோடு அதிகாலையில் எழுந்து மறுபடி படுக்கும் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. அடுத்த முறை வந்தால் உடலோடு போராடாமல், மூச்சை நிதானமாக விட்டு, ஒரே ஒரு விரலை அசைக்க முயலுங்கள். ஒருக்களித்துப் படுங்கள். 'இது வந்தால் நான் ரெம் உறக்கத்தின் வாசலில் இருக்கிறேன்' என்று தெரிந்துகொள்வதே பயத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். அப்பத்தாவிடம் வாதாட வேண்டாம், தலைமாட்டில் அவர் எதையாவது வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், நிம்மதியான உறக்கத்துக்கு அதுவும் உதவும்.

யார் இதை முயலக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லாத குரல் கேட்பவர்கள், யாரோ தன்னைக் கண்காணிப்பதாக நம்புபவர்கள், மனச்சிதைவுக்கோ இருதுருவ நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள், பகலிலேயே எது நிஜம் என்ற குழப்பம் உள்ளவர்கள் விலகியிருக்க வேண்டும். பகல் முழுக்க 'இது நிஜமா' என்று கேட்டுக்கொண்டிருக்கும் பயிற்சி அவர்களுக்கு ஆகாது. உங்கள் கடிதத்தை வைத்து உங்களைப் பற்றி இந்த விஷயத்தில் நான் எதையும் தீர்மானிக்க முடியாது. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருந்தால், தொடங்கும் முன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை பேசிவிடுங்கள். கடலில் துரத்தப்பட்டதோ, உடன் வந்தவரை இழந்ததோ திரும்பத் திரும்பக் கெட்ட கனவாக வருகிறவர்களுக்கு வேறொரு வழி உண்டு. அந்தக் கனவின் முடிவைப் பகலில் மாற்றி எழுதி, அந்தப் புதுக் கனவைத் தினமும் மனதில் ஓட்டிப் பார்க்கும் சிகிச்சைக்குச் சான்று வலுவாக இருக்கிறது, தெளிவுக் கனவால் கெட்ட கனவு குறையும் என்பதற்கான ஆய்வுகள் இன்னும் சிறியவையே. வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாராவது உறக்கத்தில் கையை ஓங்குவது, உதைப்பது, கத்துவது என்று கனவை உடலால் நடித்தால் அது வேறு. தசைகள் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காத நோய் அது, பலருக்குப் பின்னாளில் வரும் பார்க்கின்சன் போன்ற நோயின் முன்னறிகுறியாகவும் அமையும். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலன்டமின் என்ற மருந்து தெளிவுக் கனவைக் கூட்டுகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வில் நல்ல சான்று உண்டு. ஆனால் அது அல்சைமர் நோய்க்கான மருந்து, இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. ஆன்லைனில் வாங்கி விழுங்கும் பொருள் அல்ல. கண்ணில் ஒளி பாய்ச்சும் முகமூடிகளுக்குப் பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவின் ரெம் உறக்கம் குறைந்து பின்னிரவு கலைந்துபோகும், குடித்த இரவில் இந்த முயற்சி வீண்.

இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள், கனவை இப்படிச் சோதிப்பது அதை அவமதிப்பது ஆகாதா என்று. நம் மாவட்டத்தில் இது லேசான கேள்வி அல்ல. ஏர்வாடி தர்காவில் மனநலம் பாதித்த உறவினரோடு தங்கியிருப்பவர்களில் பலர், ஊர் திரும்புவதற்கான உத்தரவு கனவில் வரும் என்று காத்திருப்பவர்கள். இன்று அங்கே பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விரட்டவில்லை. கனவு எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன பொருள் என்பது நம்பிக்கையின் பகுதி, அங்கே என் படிப்புக்கு வேலையில்லை. கனவு நடக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது, அதை எப்படி அடையாளம் காண்பது என்பதை மட்டுமே நான் சொல்ல முடியும். கனவென்று தெரிந்தே தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவர்கள் அதனால் அவர் மீதான மரியாதை குறைந்ததாக என்னிடம் சொன்னதில்லை.

எப்போது தொடங்குவது என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் உங்களுக்கு மிகவும் ஏற்றது. அந்த 61 நாட்களில் உறக்க நேரம் சீராக இருக்கும். முதல் இரண்டு வாரம் நோட்டு மட்டும் எழுதுங்கள், அலாரம் வேண்டாம். கனவுகள் நினைவில் நிற்கத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு விடியற்காலை மட்டும் எழுந்து அந்த வாக்கியத்தோடு படுங்கள். அமுக்குவான் அடிக்கடி வரத் தொடங்கினாலோ, பகலில் சோர்வு தட்டினாலோ, அலாரத்தை நிறுத்திவிட்டு நோட்டை மட்டும் தொடருங்கள். தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் நாளில் இன்னும் ஒரு தெளிவுக் கனவும் வரவில்லை என்றாலும் முயற்சி வீணாகிவிடாது. நோட்டும் பகல் கேள்வியும் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாதவை, கரையில் இருக்கும் நாட்களில் அவற்றைத் தொடரலாம். விடியற்காலை எழுவதை மட்டும் அடுத்த ஓய்வுக் காலத்துக்குத் தள்ளி வையுங்கள்.